ஃபைல் இளைக்கட்டும், எழுத்து இளைக்க வேண்டாம்!

“அக்கா, அத்தையோட ஆஸ்பத்திரிக் காகிதம் அஞ்சே அஞ்சு பக்கம்தான். ரெண்டு எம்.பி.க்கு மேல ஏத்துக்க மாட்டேங்குது. சுருக்கி அனுப்பினா, படிக்க முடியலைன்னு திருப்பிட்டாங்க!” என்று அழாத குறையாகப் போன் செய்தாள் என் ஓரகத்தி. இன்ஷூரன்ஸ் பணம் 40,000 ரூபாய் அந்தரத்தில் நிற்கிறது. லேசான விஷயமா?

ஃபைல் ஏன் கனக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஏ4 தாள் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி என்று ஸ்கேன் செய்தால் அகலத்தில் 2480, நீளத்தில் 3508. மொத்தம் சுமார் 87 லட்சம் புள்ளிகள், அம்மாடி! கலர் என்றால் புள்ளிக்கு மூன்று பைட். எதையும் சுருக்காமல் வைத்தால் ஒரு பக்கமே 26 எம்.பி. ‘கிரே’யில் எடுத்தால் அதில் மூன்றில் ஒரு பங்குதான். சரி, 300-ஐ 150 ஆக்கினால்? பாதி என்றுதானே நினைப்பீர்கள்? நீளம், அகலம் இரண்டிலும் குறைவதால் கால் பங்காகிவிடும்!

டைப் அடித்த பில்லுக்கு 150 தாராளம். டாக்டர் கையெழுத்துக்கு (அதை நேரிலேயே யாரால் படிக்க முடிகிறது, போங்கள்!) 200 வையுங்கள். முத்திரை கலரில் வேண்டும் என்று கேட்டால் அந்தப் பக்கத்தை மட்டும் கலரில் எடுத்தால் போதும்.

போனில் எடுப்பவர்கள் பூப்போட்ட மேஜைவிரிப்பில் தாளை வைத்து, பூவையும் சேர்த்தே அனுப்பிவிடுகிறார்கள். பூவுக்கும் இடம் வேண்டுமே! ஓரங்களை வெட்டிவிடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில், நிழல் விழாமல் எடுங்கள். இருட்டில் எடுத்த படத்தில் மணல் தூவினாற்போல் விழுகிறதே, அதுவும் எடைதான். ஓரகத்தி இப்படி எடுத்து ஐந்து பக்கத்தையும் ஒன்றரை எம்.பி.யில் அடக்கிவிட்டாள்.

இன்னொன்று: ஜேபெக் படத்தைச் சுருக்கி, அதையே மறுபடி சுருக்கினால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கெடும். மூன்றாம் டிகாஷனில் காப்பி போட்டால் எப்படி இருக்கும்? அசலைத் தனியே வைத்துக்கொண்டு எப்போதும் அதிலிருந்தே எடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது தானே சுருக்கிவிடும். ‘டாக்குமென்ட்’ என்று அனுப்பினால் அப்படியே போகும். ஆஸ்பத்திரியிலிருந்து மெயிலில் பி.டி.எஃப். வந்திருந்தால், அதை பிரிண்ட் எடுத்து மறுபடி ஸ்கேன் செய்வானேன்? அதில் எழுத்து எழுத்தாகவே இருக்கும். எடையும் குறைவு, எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது.

சுருக்குவதில் ஒரு விபரீதமும் உண்டு. 2013-இல் ஜெர்மனியில் டேவிட் க்ரீசல் என்பவர் ஒரு வீட்டு வரைபடத்தை ஜெராக்ஸ் கம்பெனியின் ஸ்கேனர் இயந்திரத்தில் போட்டார். அசலில் 21.11 சதுர மீட்டர் என்றிருந்த அறை, நகலில் 14.13 என்று வந்தது! ஒன்றுபோலத் தெரியும் உருவங்களை ஒரே தடவை பதித்து, மற்ற இடங்களிலும் அதையே ஒட்டுகிற சுருக்கு முறை அது. சில இடங்களில் 6 என்பது 8 ஆகியிருந்ததையும் அவர் கண்டார். பிறகு கம்பெனி அதைச் சரிசெய்யும் மென்பொருளைத் தந்தது. மங்கலாக இருந்தாலாவது சந்தேகம் வரும். பளிச்சென்று தப்பாக இருந்தால்? மருந்தின் மில்லிகிராமில் இப்படி ஆனால் என்ன கதி! அதனால் அனுப்புமுன் தொகை, தேதி, பாலிசி எண், மருந்தின் அளவு இவற்றைப் பெரிதாக்கி, அசல் தாளோடு ஒத்துப் பாருங்கள்.

இலவசமாகச் சுருக்கித் தரும் இணையதளங்கள் ஏராளம். ஆனால் அங்கே ஏற்றும் ஆதாரும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டும் யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டருக்குப் போகின்றனவே! வீட்டுக் கம்ப்யூட்டரில் இலவச லிபர்ஆபீஸைப் போட்டுக்கொள்ளுங்கள். படங்களை அதில் வைத்து, பி.டி.எஃப். ஆக மாற்றும்போது படத்தின் தரத்தையும் அங்குலப் புள்ளியையும் நாமே குறித்துக்கொள்ளலாம். முதலில் தரம் 90, புள்ளி 150 என்று வைத்துப் பாருங்கள். அப்படியும் கனத்தால் தரத்தை 80, 70 என்று படிப்படியாக இறக்குங்கள்.