பல்லுக்குக் கட்டணம், ஏழைக்கு அபராதம்!

பல் வலி வந்தவனுக்கு உலகத்தில் வேறு எந்த விஷயமும் நினைவில் நிற்பதில்லை. கன்னத்தில் கிராம்பை அடக்கிக்கொண்டு இரவு ஷிப்டை ஓட்டிய மில் தொழிலாளிக்கும், வீங்கிய முகத்தோடு வயலில் இறங்கி நாற்று நட்ட பெண்ணுக்கும் இதை நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வலியைவிடப் பெரிய வேதனை ஒன்றும் அவர்களுக்குத் தெரியும். டாக்டரிடம் போனால் எவ்வளவு ஆகும் என்ற கணக்கே அது.

இந்தக் கணக்கு நம் நாட்டு ஏழைக்கு மட்டும் உரியதல்ல. இலவச வைத்தியத்துக்குப் பெயர் பெற்ற பிரிட்டனில், சர்க்கார் உதவிப் பணம் வாங்கிக் குடும்பம் நடத்தும் தொழிலாளியும் இதே கணக்கைப் போடுகிறான். அங்கே இந்த நிலை எப்படி வந்தது என்பதை நம் வாசகர்கள் தெரிந்துகொள்வது அவசியம்.

1948 ஜூலை 5-ந் தேதி பிரிட்டனில் தேசிய சுகாதார சேவை பிறந்தது. அதை உருவாக்கிய மந்திரி அனூரின் பெவன் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகன். 13 வயதிலேயே தாமும் சுரங்கத்தில் இறங்கியவர். அன்று பல் வைத்தியமும் பல் செட்டும் கண்ணாடியும் எல்லோருக்கும் இலவசம். பணக்காரன் யார், ஏழை யார் என்று எவரும் சான்று கேட்கவில்லை. அதற்கு முந்திய நிலைமை என்ன? சொத்தைப் பல்லுக்கு வைத்தியம் செய்யக் காசில்லாத தொழிலாளிக் குடும்பங்களில், இளம் வயதிலேயே எல்லாப் பற்களையும் பிடுங்கிப் பொய்ப்பல் கட்டிக்கொள்வது சிக்கனம் என்று கருதப்பட்டது. வரப்போகும் கணவனுக்குச் செலவு வைக்கக் கூடாது என்று கல்யாணத்துக்கு முன்பே பெண்ணின் பற்களைப் பிடுங்கிவிடும் வழக்கம்கூடச் சில இடங்களில் இருந்தது! சேவை தொடங்கியதும் மக்கள் பல் டாக்டர்களிடம் திரண்டார்கள். ஓசியில் கிடைக்கிறது என்று ஓடுகிறார்கள் எனச் சீமான்கள் கேலி பேசினர். தலைமுறை தலைமுறையாகப் பொறுத்துக்கொண்ட வலி அல்லவா அன்று கதவைத் தட்டியது!

மூன்று ஆண்டுகூட இது நிலைக்கவில்லை. கொரிய யுத்தம் வந்தது. ஆயுதப் பெருக்கத்துக்கு மூன்றாண்டுகளில் 470 கோடி பவுன் செலவிடத் திட்டம் போட்டார்கள். 1951 ஏப்ரலில் நிதி மந்திரி கெய்ட்ஸ்கெல் கொண்டுவந்த பட்ஜெட்டில், பல் செட்டுக்கும் கண்ணாடிக்கும் பாதி விலையை நோயாளியே கட்ட வேண்டும் என்றார். அந்த ஆண்டில் இதனால் மிச்சமாகும் என்று எதிர்பார்த்த தொகை 1 கோடியே 30 லட்சம் பவுன்தான். 470 கோடிக்கு முன்னால் இது எம்மாத்திரம்! ஏப்ரல் 22-ல் பெவன் ராஜிநாமா செய்தார். ஹெரால்டு வில்சனும் ஜான் ஃப்ரீமனும் அவரைப் பின்தொடர்ந்தனர். இதைச் செய்தது தொழிற்கட்சி சர்க்கார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அடுத்து வந்த சர்ச்சிலின் கன்சர்வேடிவ் சர்க்கார் 1952-ல் பல் சிகிச்சைக்கே ஒரு பவுன் கட்டணம் போட்டது. இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான் என்பார்கள். பல் செட்டில் இடம் கிடைத்தது, வாய் முழுவதையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

2025 ஏப்ரல் 1 முதல் இங்கிலாந்தில் பல்லைக் காட்டிச் சோதிக்க 27.40 பவுன், சொத்தை அடைக்கவோ பல் பிடுங்கவோ 75.30 பவுன், பல் செட் கட்ட 326.70 பவுன் என்று கட்டணம் வைத்தார்கள். அதே தேதியில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுன். ஆக, அன்று பல் செட் வேண்டுமானால் சுமார் 27 மணி நேரக் கூலியை எடுத்து வைக்க வேண்டியிருந்தது.

ஏழைக்கு விலக்கு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 18 வயதுக்கு உட்பட்டவர்கள், கர்ப்பிணிகள், குழந்தை பெற்று 12 மாதம் ஆகாத தாய்மார்கள் ஆகியோர் கட்டணம் தர வேண்டாம். ஆனால் வேலையில்லாதவர்களுக்கும் குறைந்த கூலிக்காரர்களுக்கும் கொடுக்கும் யுனிவர்சல் கிரெடிட் என்ற உதவிப் பணத்தில்தான் சூது இருக்கிறது. அதை வாங்குகிறவரின் கைக்கு வந்த சம்பளம் கணக்கு மாதத்தில் 435 பவுனைத் தாண்டக் கூடாது. குழந்தைக்கான தொகையோ, உடல்நலக் குறைவுக்கான சேர்க்கையோ இருந்தால் 935 பவுன் வரை போகலாம். புருஷன், பெண்டாட்டி இருவர் சம்பளத்தையும் சேர்த்தே இந்தக் கணக்கு.

இந்தக் கோட்டை 2015-ல் போட்டார்கள். அப்போது குறைந்தபட்சக் கூலி 6.70 பவுன், மாதம் சுமார் 65 மணி நேரம் உழைத்த பிறகுதான் கோட்டைத் தொட முடியும். 2025-லும் அதே 435 பவுன்தான். அந்த ஆண்டின் கூலிக்கு 36-வது மணி நேரத்திலேயே, அதாவது வாரத்துக்கு எட்டு மணி நேரம் வேலை செய்தாலே, கோடு வந்துவிட்டது. கூலி ஏறியது; கோடு நின்ற இடத்திலேயே நின்றது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் வாங்குகிறவன் பாடு இன்னும் மோசம். ஏதோ ஒரு மாதத்தில் இரண்டு சம்பள நாள் விழுந்தால், ஒரு காசு கூடுதல் வருமானம் இல்லாமலே அவன் கணக்கில் ‘வசதிக்காரன்’ ஆகிவிடுவான். 2017 ஜனவரியில் 21,000 ரூபாய் என்று வகுத்த ஈ.எஸ்.ஐ. சம்பள வரம்பைத் தாண்டி, வைத்திய உரிமையை இழந்த நம் தொழிலாளிக்கு இந்த வித்தை புதிதல்ல.

வேலை இழந்தவன் தான் கட்டிய சந்தாவின் பேரில் பெறும் வேலையில்லாக் காலப் பணம் இருக்கிறதே, அது மட்டும் இருந்தால் விலக்குக் கிடையாது! சந்தா கட்டியவனுக்குக் கிடைத்த மரியாதை இது.

இத்தனை நுணுக்கங்களையும், கன்னம் வீங்கி உட்கார்ந்திருக்கும் நோயாளி சரியாகப் புரிந்துகொண்டு பாரத்தில் கையெழுத்திட வேண்டும். தவறினால் கட்டணத்தோடு 100 பவுன் வரை அபராதம். பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2019-ல் வெளியிட்ட அறிக்கை சொல்வதைப் பாருங்கள். மருந்துக்கும் பல்லுக்குமாகச் சேர்த்து 2014 முதல் சுமார் 56 லட்சம் அபராத நோட்டீஸ்கள் அனுப்பப்பட்டன. அவற்றில் சுமார் 17 லட்சம், நோயாளிக்கு விலக்கு உண்டு என்று பின்னர் தெரிந்து வாபஸ் வாங்கப்பட்டன. தவறு சர்க்கார் தரப்பில். தூக்கம் கெட்டது ஏழைக்கு.

இருக்கிற உரிமையை விட்டுவிடும்படி நாம் சொல்லவில்லை. கோட்டைத் தாண்டியவர்களும் எச்.சி.1 என்ற பாரத்தை நிரப்பி அனுப்பலாம். சேமிப்பு 16,000 பவுனுக்கு மேல் போகாமல், வருமானமும் குறைவாக இருந்தால், முழு விலக்குக்கு எச்.சி.2 சான்றிதழோ, ஒரு பகுதி உதவிக்கு எச்.சி.3 சான்றிதழோ கிடைக்கும். முன்பே பணம் கட்டிவிட்டவர்கள் ரசீதோடு மூன்று மாதத்துக்குள் திருப்பிக் கேட்கலாம். சந்தேகம் இருந்தால், விலக்கு உண்டு என்று கையெழுத்திடாமல் பணத்தைக் கட்டி ரசீது வாங்கிக்கொள்வதே அபராதத்திலிருந்து தப்பும் வழி. அங்கே பிழைக்கப் போன உறவினர்கள் உள்ள வாசகர்கள் இதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

சான்றிதழ் கையில் இருந்தாலும் டாக்டர் வேண்டுமே! 2024 பிப்ரவரியில் பிரிஸ்டல் நகரின் செயின்ட் பால்ஸ் பகுதியில் இந்தச் சேவையின் நோயாளிகளைச் சேர்க்க ஒரு பல் வைத்தியசாலை திறந்தபோது, நூற்றுக்கணக்கானோர் தெருவில் வரிசை நின்றார்கள். கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் போலீஸ் வந்தது. பணம் உள்ளவன் தனியார் டாக்டரிடம் போய்விடுகிறான். ஏழையின் குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போகிறது. இங்கிலாந்தில் ஐந்து முதல் ஒன்பது வயதுக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுவதற்கு முதல் காரணமாகப் பல் சொத்தை இருந்துவருகிறது.

கட்டணம் இல்லாமல் சேவை நடக்காது என்ற வாதத்துக்கு அண்டையில் உள்ள ஸ்காட்லாந்தே பதில். அங்கே 2006 முதல் பல் பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. 2021-ல் 26 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சிகிச்சையும் இலவசமாக்கப்பட்டது. இங்கிலாந்து சர்க்கார் முதல் காரியமாக 435 பவுன் கோட்டை அழித்து, யுனிவர்சல் கிரெடிட் வாங்கும் எல்லோருக்கும் விலக்குத் தர வேண்டும். 1951-ல் பீரங்கிக்காகப் போட்ட கட்டணத்தை ரத்து செய்வது அதற்கடுத்த வேலை.