நோயாளியின் ஏடும் நமது கடமையும்

ஓர் அங்கத்தினரின் கடன் பாக்கியைச் சங்கக் காரியதரிசி தேநீர்க் கடையில் பேசினால் நாம் பொறுப்போமா? ஆயினும், மருத்துவமனைப் பதிவறையிலிருந்து ஒருவரது நோய் வெளியே வந்தால், அதை ஊர்ச் செய்தியாகவே கேட்டுக்கொள்கிறோம்.

மன்னார்குடி போன்ற ஊரில் பதிவறை ஊழியரும் நோயாளியும் ஒரே தெருவினராயிருப்பது இயல்பு. “நம்மவர்தானே” என்ற பரிவினால் சொன்ன ஒரு சொல், நெசவாளியின் பிழைப்பையும் அவர் மகளின் திருமணத்தையும் கெடுத்துவிடக்கூடும். அவச்சொல்லுக்கு அஞ்சுகிறவர் சிகிச்சைக்கே வரத் தயங்குவார். காசநோயோ மறைக்க மறைக்கப் பரவும்.

2017-ஆம் ஆண்டு இயற்றப்பெற்று, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், நம்பிக்கையின்பேரில் அறிந்த ஒருவரது நோய் நிலையை, சட்டம் கூறும் விலக்குகள் தவிர, அவர் ஒப்புதலின்றி எவரும் வெளியிடலாகாது என்கிறது. மருத்துவர் மட்டுமன்றி, ஏடு எழுதுவோரும் இதற்குக் கட்டுப்பட்டவரே. இவ்வொழுக்கம் எல்லா நோய்க்கும் பொருந்தவேண்டும் என்பதே என் கருத்து.

சங்கக் கணக்குகளைப் பரிசோதிக்கும் பணியில் உள்ளவன் என்ற முறையில் இரண்டு யோசனைகள் கூறுவேன். பணியேற்கும் நாளிலேயே ஊழியருக்கு இதனைக் கற்பித்தல் வேண்டும். நோயாளியின் ஏட்டை எடுப்பவர் கையொப்பமிட்டே எடுத்தல் வேண்டும்.

அங்கத்தினர்களே! கேட்பார் இல்லையேல் சொல்வாரும் இல்லை. பிறர் நோயைத் துருவிக் கேளாதிருத்தல் நம் பங்கு.