'கூழாங்கல்' படத்தின் கேமராமேன் யார்? விருதுக்கும் ரிலீஸுக்கும் நடுவில் தொலையும் பெயர்கள்

'கூழாங்கல்' படத்தின் இயக்குநர் யார்னு கேட்டா, பி.எஸ்.வினோத்ராஜ் என்று பலர் சொல்லிவிடுவார்கள். தயாரிப்பு? நயன்தாரா, விக்னேஷ் சிவனின் ரவுடி பிக்சர்ஸ். அதுவும் தெரியும். சரி, கேமராமேன் யார்? எடிட்டர் யார்? இங்கேதான் நம்மில் பலர் கூகுளைத் திறப்போம்.

ஒளிப்பதிவு விக்னேஷ் குமுலை, ஜெய பார்த்திபன். படத்தொகுப்பு கணேஷ் சிவா. இசை யுவன் ஷங்கர் ராஜா. அப்பாவாக நடித்தவர் கருத்தடையான், மகனாக நடித்த சிறுவன் செல்லப்பாண்டி.

இந்தப் பெயர்கள் ஏன் முக்கியம்?

கதை ரொம்பச் சின்னது. கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போன மனைவியை அழைத்துவர, குடிகார அப்பா தன் மகனைப் பள்ளியிலிருந்து இழுத்துக்கொண்டு போகிறார். திரும்பும்போது இருவரும் வெயிலில் நடக்கிறார்கள். அவ்வளவுதான் கதை. வசனமும் குறைவு, இசையும் குறைவு. அப்படினா 75 நிமிஷம் நம்மை உட்கார வைப்பது எது? மதுரை மாவட்டத்தின் வறண்ட நிலத்தில், அவர்கள் முதுகுக்குப் பின்னாலேயே நடக்கும் கேமரா. 'இந்த ஷாட் இன்னும் கொஞ்சம் ஓடட்டும்' என்று விட்டுவைத்த எடிட்டிங். காலடிச் சத்தமும் காற்றும். வெயிலை வசனத்தில் சொல்லவில்லை, தொழில்நுட்பக் குழு அதை நம் மேல் அடிக்க வைத்தது.

பலன் கிடைத்ததா?

கிடைத்தது. 2021 பிப்ரவரியில் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் டைகர் விருதைப் பெற்றது. அந்த விருதை வென்ற முதல் தமிழ்ப் படம் இதுதான். அதே ஆண்டு 94-வது ஆஸ்கருக்கு இந்தியாவின் அதிகாரப்பூர்வ பரிந்துரையும் ஆனது. ஆனால் தமிழ் ரசிகர்கள் வீட்டிலிருந்து படத்தைப் பார்க்க முடிந்தது 2023 அக்டோபரில், சோனி லிவ் ஓடிடியில். நடுவில் இரண்டரை வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

இயக்குநருக்கு விழா மேடை இருக்கும், பேட்டி இருக்கும். டெக்னீஷியனுக்கு? பொதுவாகவே சுயாதீனப் படங்களில் சம்பளம் குறைவு. 'படம் வரட்டும், பேசிக்கலாம்' என்பதும் இந்தத் துறையில் பழகிப்போன வார்த்தை. அவர்களுக்கு விசிட்டிங் கார்டே அந்தப் படம்தான். அடுத்த வாய்ப்புக்காக ஒரு ஆபீஸ் ஏறி 'நான்தான் எடிட் பண்ணேன்' என்றால், எதிரில் இருப்பவர் படத்தைப் பார்த்திருக்க வேண்டாமா? படம் பெட்டிக்குள் கிடந்தால், அந்த கார்டும் பெட்டிக்குள்தான்.

தப்பு யாரிடம்?

எங்களிடமும்தான். விருதுச் செய்தி வந்தால் 'நயன்தாரா தயாரித்த படம்' என்று தலைப்பு வைப்போம், க்ளிக் வரும். ஒளிப்பதிவாளர் பெயர் கடைசிப் பாராவில் இருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது. ஓடிடி தளங்கள் பல இன்னும் ஒரு படி மேலே. டைட்டில் கார்டு ஓடத் தொடங்கியதும் அதைச் சின்னதாக்கி, அடுத்த படத்தின் போஸ்டரைக் காட்டிவிடுகின்றன.

வினோத்ராஜின் அடுத்த படமான 'கொட்டுக்காளி' 2024-ல் தியேட்டருக்கே வந்தது. அதில் பின்னணி இசையே கிடையாது. ஒலி வடிவமைப்பைக் கவனித்த சுரேன், அழகியகூத்தன் இருவரின் வேலைதான் அங்கே இசையின் இடத்தில் நின்றது. படத்தொகுப்பு மறுபடியும் கணேஷ் சிவா. ஒரு குழு சேர்ந்தே வளர முடியும் என்பதற்கு இது நல்ல அடையாளம். ஆனால் அப்படி வளர, முதல் படம் சீக்கிரம் மக்கள் கண்ணில் பட வேண்டும்.

விருது வாங்கிய படத்துக்கு ரிலீஸ் தேதி வேண்டும். விமர்சனத்தில் டெக்னீஷியன்கள் பெயரை எழுதும் பழக்கம் எங்களுக்கு வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது ரொம்பச் சின்னது. படம் முடிந்ததும் ரிமோட்டைத் தேடாதீர்கள், இரண்டு நிமிஷம் இருங்கள். அந்தப் பெயர்களும் படத்தில் சேர்ந்ததுதான்.