கடனை உதவிக் கணக்கில் எழுதலாமா?

பருவநிலை மாற்றம் பற்றிய உலக மாநாடு ஆண்டுதோறும் ஏதாவது ஒரு நாட்டில் கூடுகிறது. பத்திரிகையில் தலைப்பைப் படிக்கிறோம், பக்கத்தைத் திருப்பி மார்க்கெட் நிலவரம் பார்க்கிறோம். மாநாட்டுச் செய்திக்கும் பின்பக்கத்தில் உள்ள துவரம் பருப்பு விலைக்கும் சம்பந்தம் உண்டு என்று நம்மில் எத்தனை பேர் நினைக்கிறோம்? மளிகைக் கடைக்கும் மண்டிக்கும் இது தேவையில்லாத விவகாரம் என்று சொல்லும் வணிகப் பெருமக்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

2015ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க முடியாது. இரண்டு வருடம் தொடர்ந்து பருவமழை பொய்த்து, அந்த அக்டோபரில் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது. அதன் பிறகுதான் மத்திய அரசு வெளிநாட்டில் நிரந்தரமாக ஓர் இடம் பிடித்து வைக்க முடிவு செய்தது. 2016 ஜூலையில் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள மொசாம்பிக் நாட்டோடு ஒப்பந்தம் போட்டார்கள். ஆண்டுக்கு 1 லட்சம் டன்னில் தொடங்கி 2 லட்சம் டன் வரை பருப்பு வகை வாங்குவதாக ஏற்பாடு. 2021இல் அதை 2025-26 வரை நீட்டித்தார்கள். பர்மா 'லெமன்' துவரையோடு மொசாம்பிக் 'கஜிரி'யும் பருப்பு மில்களுக்குப் பழகிய சரக்கானது இப்படித்தான். பக்கத்து நாடான மலாவிக்குக் கடற்கரை கிடையாது. அங்கே விளையும் துவரையும் பெரும்பாலும் மொசாம்பிக் துறைமுகங்கள் வழியாகவே கப்பல் ஏறுகிறது. ஆக, நம் சாம்பார்ச் சட்டியில் ஒரு பங்கு அந்தக் கடற்கரையை நம்பி இருக்கிறது.

அந்தக் கடற்கரைக்கு என்ன நடந்தது?

2019 மார்ச் 14 இரவு 'இடாய்' என்னும் புயல் பெய்ரா துறைமுக நகரத்தின் மேல் கரை ஏறியது. மொசாம்பிக்கில் மட்டும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். சுமார் 7 லட்சம் எக்டேர் பயிர் நீரில் போனது. ஆறு வாரம் கழித்து, ஏப்ரல் 25ஆம் தேதி, 'கென்னத்' என்னும் இன்னொரு புயல் வடகோடியில் அடித்தது. துவரை விளைகிற சாம்பேசியா, நம்புலா மாகாணங்கள் இரண்டும் இந்த இரு புயல்களுக்கும் நடுவே இருக்கின்றன. 2023இல் வந்த 'பிரெடி' அவற்றையும் விடவில்லை. ஒருமுறை பிப்ரவரியில் கரை தொட்டுவிட்டு, திரும்பவும் கடலுக்குப் போய், மார்ச் 11ஆம் தேதி சாம்பேசியாவிலேயே இறங்கி, மலாவியையும் புரட்டிப் போட்டது. கடல் நீர் சூடாகச் சூடாகப் புயலுக்கு வலுவும் மழையும் கூடும் என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். கடலைச் சூடாக்கிய புகையில் மொசாம்பிக்கின் பங்கு மிக மிக அற்பம். மற்ற தேசங்கள் நூறு, நூற்றைம்பது வருடமாக நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததற்கு இவர்கள் விலை கொடுக்கிறார்கள்.

இதெல்லாம் தெரிந்துதான் 1992இல் ரியோ நகரில் எல்லா நாடுகளும் உட்கார்ந்து ஓர் உடன்படிக்கை எழுதின. சுமை எல்லோருக்கும் உண்டு, முன்னேறிய நாடுகளுக்குக் கூடுதலாக உண்டு, ஏழை நாடுகளுக்குப் பணமும் தொழில்நுட்பமும் அவை தரவேண்டும் என்பது அதன் சாரம். 2009இல் கோபன்ஹேகன் மாநாட்டில் தொகையும் சொன்னார்கள். 2020 முதல் வருடத்துக்கு 10,000 கோடி டாலர்.

அந்தப் பணம் எப்படி வந்தது என்பதுதான் வணிகர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய இடம்.

இடாய், கென்னத் இரண்டின் சேதத்தைச் சரி செய்ய மொசாம்பிக்குக்கு 320 கோடி டாலர் தேவை என்று கணக்கிட்டார்கள். 2019 மே கடைசியில் பெய்ராவிலேயே கூட்டம் போட்டு, உதவி செய்யும் நாடுகளும் நிறுவனங்களும் தருவதாக ஒப்புக்கொண்டது சுமார் 120 கோடி. கேட்டதில் பாதிகூட இல்லை, அதுவும் வாய்ச்சொல். அதற்கு முந்தைய மாதமே சர்வதேச நிதியம் 11.82 கோடி டாலர் அவசரமாக அனுப்பியது. வட்டி கிடையாது, ஐந்தரை வருடம் தவணை கேட்கமாட்டார்கள், பத்து வருடத்தில் முடிக்கவேண்டும். நல்ல நிபந்தனைதான், குறை சொல்லவில்லை. ஆனாலும் அது கடன். வீடும் பயிரும் போனவன் புயல் அடித்த அடுத்த மாதம் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

இதை நம் தொழிலில் வைத்துப் பார்ப்போம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் பெய்த மழையை அந்தப் பக்கத்து வியாபாரிகள் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஏரல் பக்கத்தில் எங்களிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவருக்குக் கடைக்குள் கழுத்தளவு தண்ணீர். அரிசி, பருப்பு, சீனி எல்லாம் சேறாகிவிட்டது. தண்ணீர் வடிந்தபின் வந்து நின்றார். பழைய பாக்கியை ஆறு மாதம் தள்ளி வைத்தோம், பத்து மூட்டை சரக்கை விலை போடாமல் ஏற்றி அனுப்பினோம், அதற்குமேல் எடுத்ததைப் பற்று எழுதினோம். பாக்கியைத் தள்ளி வைத்தது சலுகை, பத்து மூட்டை உதவி, பற்று எழுதியது வியாபாரம். மூன்றையும் கூட்டி, "ஏரல்காரருக்கு இத்தனை ஆயிரம் உதவி செய்தோம்" என்று நாங்கள் சங்கத்தில் சொல்லியிருந்தால் நீங்கள் சிரித்திருக்கமாட்டீர்களா?

உலக அளவில் இதைத்தான் செய்கிறார்கள், யாரும் சிரிப்பதில்லை. பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி. வெளியிட்ட கணக்குப்படி, 2022இல் முதல்முறையாக 10,000 கோடி டாலர் இலக்கு எட்டப்பட்டது. தொகை 11,590 கோடி. இரண்டு வருடம் தாமதம், போகட்டும். அதில் அரசுகளும் அரசு சார்ந்த வங்கிகளும் கொடுத்த பணத்தில் நூற்றுக்கு 69 பங்கு கடன். மானியம் 28 பங்குதான். சில கடனுக்குச் சந்தை வட்டியும் உண்டு. திருப்பிக் கட்ட வேண்டிய முழுத் தொகையும் கொடுத்தவர் பேரேட்டில் உதவியாக ஏறுகிறது, வாங்கியவர் பேரேட்டில் பாக்கியாக ஏறுகிறது. ஒரே சிட்டைக்கு இரண்டு பெயர்.

கடனே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. வருமானம் தருகிற காரியத்துக்குக் கடன் பொருந்தும். 1990 வாக்கில் டென்மார்க் நாட்டு உதவியோடு முப்பந்தல், கயத்தாறு பகுதிகளில் மாதிரிக் காற்றாலைகள் நிறுத்தினார்கள். அதைப் பார்த்துத்தான் தனியார் முதலீடு வந்து, இன்று ஆரல்வாய்மொழிக் கணவாய் முழுக்கக் காற்றாடியாகச் சுற்றுகிறது. அந்தக் காற்று மின்சாரத்தையும் சூரிய மின்சாரத்தையும் கொண்டுபோகும் மின்பாதைகளுக்கு ஜெர்மன் அரசு வங்கி கடன் கொடுத்தது. மின்சாரம் விற்றால் காசு வரும், தவணை கட்டலாம். புகையைக் குறைக்கிற வேலைகளில் இப்படிப் பல, முதல் திரும்பி வருகிற வேலைகள். ஆகவே பணமும் அந்தப் பக்கமே ஓடுகிறது. 2022 கணக்கில் நூற்றுக்கு 60 பங்கு புகை குறைக்கும் திட்டங்களுக்குப் போனது. வெள்ளத்தையும் வறட்சியையும் தாக்குப்பிடிக்க வழி செய்யும் திட்டங்களுக்கு 28 பங்கு.

ஒரு வடிகால் வாய்க்கால் வெட்டினால் யாரிடம் டிக்கெட் வாங்குவது? புயல் எச்சரிக்கைக் கோபுரத்துக்கு யார் வாடகை தருவார்கள்? உயர்த்திக் கட்டிய தானியக் கிட்டங்கி பெருவெள்ளத்தில் பல கோடி ரூபாய்ச் சரக்கைக் காப்பாற்றும், ஆனால் மாதாமாதம் தவணை கட்டும் வருமானம் அதில் வராது. எந்த பைனான்ஸ்காரரும் அதற்குப் பணம் போடமாட்டார். இங்கேதான் மானியம் வேண்டும். இந்த இடத்தில்தான் கஞ்சத்தனமும் இருக்கிறது.

கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் அதே பெய்ராதான் சாட்சி. கடல் மட்டத்தை ஒட்டிய தாழ்ந்த நகரம் அது. ஊருக்குள் ஓடிய சிவேவே ஆறு தூர்ந்து, ஒரு மழைக்கே தெருவெல்லாம் குளமாக நிற்கும். இடாய்க்கு முன்பே ஜெர்மன் உதவியில் அந்த ஆற்றைத் தூர்வாரி, கடல் ஏறும்போது அடைத்து, இறங்கும்போது திறக்கும்படி மதகு வைத்தார்கள். உலக வங்கிப் பணத்தில் பழைய வடிகால்களைச் செப்பனிட்டார்கள். புயலில் அந்த நகரம் கூரை இழந்தது உண்மை. ஆனால் வடிகால் சீரான பகுதிகளில் தண்ணீர் சீக்கிரம் வடிந்தது. துறைமுக ஊரில் தண்ணீர் ஒரு நாள் முன்னால் வடிந்தால் லாரி ஒரு நாள் முன்னால் ஓடும் என்று நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

வாங்குகிற கையும் சுத்தமாக இருக்கவேண்டும், அதையும் சொல்லிவிடுகிறோம். 2013, 2014இல் மொசாம்பிக் அரசில் இருந்தவர்கள் சிலர் மீன்பிடிப் படகு, கடலோரக் காவல் என்று பெயர் சொல்லி, நாடாளுமன்றத்துக்கே தெரியாமல் வெளிநாட்டு வங்கிகளில் 200 கோடி டாலர் அளவுக்குக் கடன் கிளப்பினார்கள். 2016இல் குட்டு உடைந்தது. சர்வதேச நிதியமும் உதவி நாடுகளும் கையை இழுத்துக்கொண்டன. அந்நாட்டு முன்னாள் நிதியமைச்சர் 2024இல் நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பானது. இதைக் காட்டி, "இவர்களுக்குக் கொடுத்து என்ன பயன்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பணத்தை ரொக்கமாகக் கருவூலத்தில் கொட்டாமல் வேலையாகச் செய்து கொடுங்கள், கணக்கைச் சுவரில் ஒட்டுங்கள் என்பதே எங்கள் பதில். ரகசியக் கடன் கொடுத்த வங்கிகளும் பணக்கார நாட்டு வங்கிகளே என்பதை யாரும் ஏனோ சேர்த்துச் சொல்வதில்லை.

2022இல் எகிப்து மாநாட்டில் 'இழப்பு, சேத நிதி' என்று தனியாக ஒன்று வைக்க ஒப்புக்கொண்டார்கள். மறுவருடம் துபாயில் எல்லா நாடுகளும் சேர்ந்து அதற்குச் சொன்ன தொகை சுமார் 70 கோடி டாலர். மொசாம்பிக் ஒன்றுக்கே 2019இல் தேவைப்பட்டது 320 கோடி என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா 1.75 கோடி டாலர் சொன்னது. 2025இல் அந்த நிதியின் நிர்வாகக் குழுவிலிருந்தே விலகிவிட்டது. 2024இல் பாகு மாநாட்டில் 2035க்குள் வருடத்துக்கு 30,000 கோடி டாலர் என்று புதுத் தொகை அறிவித்தார்கள். அரசுப் பணம், தனியார் பணம், கடன் எல்லாம் கலந்த தொகை அது. நம் நாட்டுப் பிரதிநிதி மேடையிலேயே எழுந்து எதிர்த்தார். எதிர்த்தது சரி.

நம்மில் சிலர் வேறு கணக்குப் போடலாம். வெளிநாட்டில் வெள்ளம் வந்தால் வரத்து குறையும், கையிருப்பு உள்ளவனுக்கு நாலு காசு மிஞ்சும் என்று. 2023இல் அந்த நாலு காசு மிஞ்சியதா? கலபுரகிப் பக்கம் மழையாலும் வாடல் நோயாலும் உள்நாட்டு விளைச்சல் விழுந்து, துவரை விலை ஏறியது. ஜூன் 2ஆம் தேதி இருப்பு வரம்பு உத்தரவு வந்தது. மொத்த வியாபாரிக்கு 200 டன், சில்லறைக் கடைக்கு 5 டன். செப்டம்பரில் நமக்கு அதையும் 50 டன்னாகக் குறைத்தார்கள். இணையத்தில் இருப்பைப் பதிவு செய், அதிகாரி வந்தால் கிட்டங்கியைத் திற, பத்திரிகையில் 'பதுக்கல்' என்ற பெயரையும் வாங்கிக்கொள். மழை கெட்டுப்போனதற்குப் பழி நம் தலையில். (அந்த வருடக் கடைசியில் மொசாம்பிக் துறைமுகத்தில் சரக்கு முடங்கியது வழக்குத் தகராறால், அதைப் புயல் கணக்கில் சேர்க்கமாட்டோம்.) இங்கே விளைச்சல் விழுகிற வருடத்தில் அங்கேயும் பிரெடி மாதிரி ஒன்று வந்து பயிரை அடித்துப் போனால், இருப்பு வரம்பு 50 டன்னோடு நிற்குமா என்று மண்டிக்காரர்கள் யோசிக்கட்டும். கடனுக்குச் சரக்கு எடுத்து வாரச் சீட்டில் அடைக்கிற சின்னக் கடைக்காரருக்கு முதலே கட்டிப்போகும்.

இந்தியா கேட்கிற இடத்தில் மட்டும் இல்லை, கொடுக்கிற இடத்திலும் இருக்கிறது. 2019 மார்ச்சில் பெய்ராவுக்கு முதலில் போய்ச் சேர்ந்து ஆட்களை மீட்டவை நம் கடற்படையின் சுஜாதா, ஷார்துல் கப்பல்களும், கடலோரக் காவல்படையின் சாரதியும்தான். அதே ஆண்டு செப்டம்பரில், பேரிடரைத் தாங்கும் கட்டுமானங்களுக்காக ஒரு நாடுகள் கூட்டணியை இந்தியா தொடங்கியது. சரக்கு வாங்குகிறவனுக்கு விளைவிக்கிறவன் களம் நனையாமல் இருக்கவேண்டும் என்ற அக்கறை இருப்பது நம் தொழில் தர்மம் மட்டும் அல்ல, சுயநலமும்கூட.

எனவே அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவரும்படி சங்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். பருவநிலை நிதிக் கணக்கில் திருப்பிக் கட்டவேண்டிய கடனை உதவியாகச் சேர்க்கக்கூடாது, மானியத்தைத் தனிப் பத்தியில் காட்டவேண்டும் என்று உலக மாநாடுகளில் இந்திய அரசு வற்புறுத்த வேண்டும். மொசாம்பிக், மலாவி போன்ற நாடுகளோடு பருப்பு ஒப்பந்தம் எழுதும்போது, டன்னும் விலையும் மட்டும் எழுதாமல், விளைகிற மாகாணங்களில் உலர்களம், உயரமான கிட்டங்கி, துறைமுகச் சாலைக்கு வடிகால் ஆகியவற்றுக்கு இந்தியாவின் பங்காக ஒரு மானியத் தொகையும் சேர்க்கவேண்டும். வாசகம் இன்னும் திருத்தமாக இருக்கவேண்டுமானால் பருப்பு மில் உரிமையாளர்களையும் உட்கார வைத்து எழுதலாம். நகல் ஒன்று வர்த்தக அமைச்சகத்துக்கு, ஒன்று நுகர்வோர் விவகாரத் துறைக்கு. இருப்பு வரம்பு உத்தரவு வருவது இரண்டாவது இடத்திலிருந்துதான் என்பதால், அங்கே நேரில் கொடுப்பது நல்லது.