கையில் காசில்லாத அரசும் கமக்காரனின் கடனும்

இடம்பெயர்ந்த குடும்பங்களின் கூட்டமொன்றில் காணிப் பிரச்சினை பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். வயது முதிர்ந்த கமக்காரர் ஒருவர் எழுந்து, “மத்தியிலை ஒரு அரசாங்கமே இல்லாமலிருந்தால் எங்களுக்கு இந்தக் கதி வந்திராது, சுவாமி” என்றார். கூடியிருந்தோர் பலரும் தலையசைத்தனர். அவருடைய சொல்லில் இருந்த வேதனையை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும், பலமான மத்திய அரசு தீமை செய்தது என்பதற்காகப் பலமற்ற மத்திய அரசு நன்மை செய்யும் என்று முடிவு கட்டலாமா? இக்கேள்வியை விவசாய மக்களாகிய நாம் அமைதியாகச் சிந்தித்துப் பார்க்க வேண்டும். இதற்கு ஐக்கிய அமெரிக்காவின் முதலாவது மத்திய அரசாங்கத்தின் கதை நமக்கு உதவும்.

இன்று உலக வல்லரசாக விளங்கும் அந்நாடு, 1776ஆம் ஆண்டு யூலை 4ஆம் திகதி பிரித்தானியாவிடமிருந்து சுதந்திரப் பிரகடனம் செய்தபோது, ஒன்றையொன்று முழுமையாக நம்பாத 13 மாநிலங்களின் கூட்டமாகவே இருந்தது. தமக்குப் பிரதிநிதிகளே இல்லாத தூரத்துப் பாராளுமன்றம் ஒன்று தம்மீது வரி விதித்ததை எதிர்த்துப் போராடிய மக்கள் அவர்கள். ஆகவே, தமது சொந்த மண்ணிலும் இன்னொரு எசமான் உருவாகிவிடக் கூடாதென அஞ்சினர். அந்த அச்சம் நியாயமானது. அந்த அச்சத்திலிருந்தே ‘கூட்டிணைப்பு உறுப்புரைகள்’ எனப்படும் அவர்களது முதலாவது அரசியலமைப்புப் பிறந்தது. 1777ஆம் ஆண்டு நவம்பரில் அது வரையப்பட்டது. மேற்குப் புறத்துக் காணிகள் யாருக்கு என்ற பிணக்கினால் மேரிலாந்து மாநிலம் கையொப்பமிடத் தாமதித்தது. இதனால் அது 1781ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் திகதியே நடைமுறைக்கு வந்தது.

இந்த அரசாங்கத்திடம் கொன்கிரஸ் என்ற ஒரேயொரு சபை இருந்தது. நிருவாகத்தை நடத்த ஒரு தலைவர் இல்லை. நாடு முழுவதற்குமான நீதிமன்றங்களும் இல்லை. பெரிய மாநிலமோ சிறிய மாநிலமோ, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கு. முக்கியமான தீர்மானங்களுக்கு 9 மாநிலங்கள் இணங்க வேண்டும். உறுப்புரைகளைத் திருத்துவதென்றால் 13 மாநிலங்களும் இணங்க வேண்டும். கொன்கிரஸ் போர் தொடுக்கலாம், உடன்படிக்கை செய்யலாம், கடன் வாங்கலாம். ஆனால் வரி அறவிட முடியாது. மாநிலங்களிடம் காசு கேட்கலாம். கொடுக்காவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. இறக்குமதிப் பொருட்கள் மீது 5 வீதத் தீர்வை விதிக்க 1781இல் அது அனுமதி கேட்டது. றோட் ஐலன்ட் என்னும் மிகச் சிறிய மாநிலம் மறுத்தது. திட்டம் அத்துடன் வீழ்ந்தது. 1783இல் மீண்டும் கேட்டது. இம்முறை நியூயோர்க் தடையாக நின்றது.

காசில்லாத இந்த அரசின் சுமை முதலில் யார் மீது விழுந்தது? போரில் நின்ற படைவீரர் மீது விழுந்தது. அவர்களில் மிகப் பலர் கமக்காரரும் கமக்காரரின் பிள்ளைகளுமே. அவர்களது சம்பளத்திற்குப் பதிலாகக் கடன் பத்திரங்கள் வழங்கப்பட்டன. 1783ஆம் ஆண்டு யூன் மாதம் சம்பளம் கேட்டுச் சில நூறு படைவீரர் பிலடெல்பியாவில் கொன்கிரஸ் கூடிய மண்டபத்தைச் சுற்றி வளைத்தனர். தன்னைப் பாதுகாக்கத் தன்னிடம் ஆளில்லாத கொன்கிரஸ், பென்சில்வேனியா மாநிலத்திடம் உதவி கேட்டது. மாநிலம் கைவிரித்தது. போரில் வென்ற நாட்டின் அரசாங்கம் பிறின்ஸ்ரன் என்ற சிற்றூருக்கு இடம்பெயர்ந்தது!

இடம்பெயர்ந்த மக்கள் கவனிக்க வேண்டிய வேறொரு விடயமும் உண்டு. அப்போரில் பிரித்தானிய மன்னருக்கு ஆதரவாக இருந்தோரின் காணிகளையும் உடைமைகளையும் மாநிலங்கள் பறிமுதல் செய்திருந்தன. பல்லாயிரக்கணக்கானோர் நாட்டை விட்டு வெளியேறினர். பலர் கனடாவுக்குச் சென்றனர். 1783ஆம் ஆண்டு செப்டெம்பர் 3ஆம் திகதி பாரிஸ் நகரில் கைச்சாத்திடப்பட்ட சமாதான உடன்படிக்கையில், பறிக்கப்பட்ட உடைமைகளைத் திருப்பிக் கொடுக்குமாறு கொன்கிரஸ் மாநிலங்களுக்குச் ‘சிபாரிசு’ செய்யும் என எழுதப்பட்டது. கொன்கிரசும் சிபாரிசு செய்தது. பெரும்பாலும் எவரும் செவிசாய்க்கவில்லை. இதையும் ஒரு காரணமாகக் காட்டி, பிரித்தானியர் நயாகரா, டெற்றொயிற் முதலிய எல்லைக் கோட்டைகளை 1796 வரை விட்டுப் போகவில்லை. காணி திரும்பக் கிடைக்கும் என உடன்படிக்கையில் எழுதியிருப்பது ஒன்று; அதை நிறைவேற்றக்கூடிய கை இருப்பது வேறொன்று.

இனிக் கடனின் கதைக்கு வருவோம். படைவீரர் கடன் பத்திரத்துடன் ஊர் திரும்பினர். வீட்டில் பசி, விதைக்கக் காசில்லை, கடைக்காரன் தவணை கொடுக்கிறான் இல்லை. அரசாங்கம் எப்போது காசு தரும் என்றும் தெரியாது. ஆகவே அப்பத்திரங்களை அவற்றின் பெறுமதியில் ஒரு சிறு பங்குக்கு விற்றனர். பட்டணத்துக் காசுக்காரர் அவற்றை வாங்கிக் குவித்தனர். பின்பு மாசாசூசெற்ஸ் மாநிலம் தனது போர்க்கடனைத் தீர்ப்பதற்குக் கடுமையான வரி விதித்தது. அதைப் பொன், வெள்ளி நாணயங்களிலேயே செலுத்த வேண்டும் என்றது. கிராமத்திலோ நாணயப் புழக்கமே அருகிப் போயிருந்தது. தான் மலிவாக விற்ற கடன் பத்திரத்தை வாங்கியவனுக்கு முழுப் பணம் கொடுப்பதற்காக, அதை விற்ற கமக்காரனே வரி கட்ட வேண்டியதாயிற்று. கட்ட முடியாதோரின் மாடும் காணியும் ஏலத்துக்கு வந்தன. சிலர் கடனுக்காகச் சிறைக்கும் சென்றனர்.

முதலில் அவர்கள் ஊர்க்கூட்டங்கள் கூடி மனுக்கள் எழுதினர். மனுக்கள் பயனற்றுப் போயின. 1786ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29ஆம் திகதி நோர்தாம்ப்ரன் நகரில் திரண்டு, கடன் வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றத்தைக் கூடவிடாமல் மறித்தனர். போரில் கப்டனாகப் பணியாற்றிய டானியல் ஷேஸ் என்ற கமக்காரர் அவர்களது தலைவர்களுள் ஒருவர். 1787ஆம் ஆண்டு சனவரி 25ஆம் திகதி அவர்கள் ஸ்பிறிங்பீல்ட் ஆயுதக் களஞ்சியத்தை நோக்கிச் சென்றபோது பீரங்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். அக்களஞ்சியம் கொன்கிரசுக்கு உரியது. ஆனால் அதைக் காத்து நின்றதோ மாநிலத்தின் படை. படை திரட்டக் கொன்கிரஸ் காசு கேட்டபோது பெரும்பாலான மாநிலங்கள் கொடுக்கவில்லை. கிளர்ச்சியை அடக்கச் சென்ற மாநிலப் படைக்குப் பொஸ்ரன் நகரத்துச் செல்வந்தரே தம் கையிலிருந்து பணம் திரட்டினர். அரசிடம் காசில்லாதபோது காசுள்ளவனே அரசாகிவிடுகிறான் என்பதை இங்கு காண்கிறோம்.

இந்தக் கிளர்ச்சி ஏற்படுத்திய அதிர்ச்சியும் ஒரு காரணமாக, 1787ஆம் ஆண்டு மே முதல் செப்டெம்பர் வரை பிலடெல்பியாவில் புதிய அரசியலமைப்பு வரையப்பட்டது. வரி விதிக்கும் அதிகாரம், மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம், நிருவாகத் தலைவர், உயர் நீதிமன்றம் எல்லாம் மத்திக்குக் கிடைத்தன. ஆனால் மக்கள் அத்துடன் திருப்தியடையவில்லை. மத்தி எல்லை மீறாதிருக்க உரிமைகளை எழுத்தில் கேட்டனர். 1791ஆம் ஆண்டு டிசெம்பரில் உரிமைகள் சாசனம் நடைமுறைக்கு வந்தது.

ஆயினும் பலமான அரசு கிடைத்ததால் ஏழைக்கு நீதி கிடைத்துவிட்டதா? இல்லை. 1790இல் புதிய அரசு பழைய கடன் பத்திரங்களுக்கு முழுப் பெறுமதி கொடுக்க முடிவு செய்தது. முதலில் பத்திரம் பெற்ற படைவீரருக்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும் என ஜேம்ஸ் மடிசன் வாதாடினார், சபை மறுத்துவிட்டது. 1794இல் சாராய வரியை எதிர்த்த மேற்குப் பென்சில்வேனியக் கமக்காரருக்கு எதிராக அதே அரசு ஏறத்தாழ 13,000 பேர் கொண்ட படையை அனுப்பியது. அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களுக்கும், காணிகளை இழந்த பூர்வீகக் குடிகளுக்கும் புதிய அரசியலமைப்பு விடுதலை தரவில்லை.

ஆகவே, ‘பலமான மத்தியா, பலமற்ற மத்தியா?’ என்ற கேள்வியே குறையுள்ளது என்பது எமது கருத்து. எந்த அதிகாரம் யாரிடம் இருக்கிறது? அதை நிறைவேற்றக் காசும் ஆளும் உண்டா? அது யாருக்குக் கணக்குக் கொடுக்கிறது? இம்மூன்றையும் சேர்த்தே கேட்க வேண்டும். பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் 1931இல் வெளியிட்ட சமூகச் சுற்றுமடலின் போதனையும் இதுவே. சிறிய சமூகம் தானே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்புப் பறித்துக்கொள்வது அநீதி. அதேவேளை, சிறியது தனியே செய்ய முடியாததற்குப் பெரியது துணை நிற்பது கடமை. அரசன் வந்தால் உங்கள் நல்ல வயல்களை எடுத்துக்கொள்வான் என இஸ்ராயேல் மக்களைச் சாமுவேல் எச்சரித்தார். ஆனால் அரசனில்லாத நீதித் தலைவர்கள் காலத்தில் அவரவர் மனம்போல் நடந்தபோது எளியோர் பட்ட துன்பத்தையும் திருநூல் மறைக்கவில்லை.

எமது நாட்டிலும் இதன் சாயல் உண்டு. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தில் மாகாண சபைகளுக்கென எழுதப்பட்ட காணி அதிகாரங்கள் முழுமையாக அவற்றின் கைக்கு வரவில்லை. பணத்துக்கும் அவை மத்தியையே பெரிதும் நம்பியிருக்க வேண்டியிருந்தது. பெயரளவில் அதிகாரம் பெற்ற சபை, கையில் காசில்லாத அந்தப் பழைய கொன்கிரசைப் போன்றதே. எனவே அதிகாரப் பகிர்வு பற்றி எவர் வந்து பேசினாலும், “நிதி எங்கிருந்து வரும்? உத்தரவை யார் நிறைவேற்றுவார்?” என்று நாம் கேட்கப் பழக வேண்டும்.

எமது குடும்பங்களுக்கு இன்னுமொரு வார்த்தை. உங்களிடமுள்ள காணி உறுதி, அனுமதிப்பத்திரம், நட்டஈட்டுக் கடிதம் ஆகியன இன்று பயனற்ற கடதாசிகளாகத் தோன்றலாம். அவசரத்துக்கு அவற்றை மலிவாக வாங்கிக்கொள்ள ஆட்கள் வருவார்கள். அவர்கள் பொறுத்திருக்கக் கூடியவர்கள். பசித்த வீட்டால்தான் பொறுத்திருக்க முடிவதில்லை. ஆகவே பிரதிகள் எடுத்து வையுங்கள். தனியே முடிவெடுக்காமல் சங்கத்தில் பேசுங்கள். ஒரு குடும்பத்தின் அவசரத் தேவையைச் சங்கத்தின் சிறுசேமிப்பு தாங்குமானால், அந்தக் கடதாசி வீட்டிலேயே இருக்கும்.

அன்று கூட்டத்தில் பேசிய பெரியவருக்கு நாம் இன்று சொல்லக்கூடியது இதுதான்: ஐயா, அரசாங்கம் இல்லாமலிருந்தால் உங்கள் காணியைக் காப்பாற்றவும் ஒருவர் இருக்கமாட்டார். எமக்கு வேண்டியது எமது வேலிக்குள் புகாத, ஆனால் வேலி பிடுங்கப்படும்போது வந்து நிற்கக்கூடிய ஓர் அரசாங்கம். அதைக் கேட்கும் உரிமை எமக்கு உண்டு. ஒன்றாக நின்று கேட்கும் கடமையும் உண்டு.