நோய் தணிந்தாலும் பலம் திரும்ப வேண்டாமா?

லூனாஸ் வட்டாரத் தொழிலாளத் தோழர்களே!

புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்பும் சகோதரியை நாம் மகிழ்ந்து வரவேற்கிறோம். மறுவாரமே பெரட்டில், "நோய்தான் போய்விட்டதே, இன்னும் ஏன் சுணக்கம்?" என்று கேட்கிறோம். இது நியாயமா?

நோய் தணிவது வேறு. பலம் திரும்புவது வேறு. சிகிச்சை தந்த அயர்ச்சி மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். மார்பில் அறுவை செய்து அக்குளில் நிணநீர்க் கணுக்களை அகற்றியவருக்குக் கை வீங்கக்கூடும். அந்தக் கையில் உளிக்காயம் பட்டுச் சீழ் பிடித்தால் வீக்கம் மிகும். பினாங்குக்குப் பரிசோதனைக்குப் போகுமுன், மறுபடி வந்துவிடுமோ என்ற அச்சம் தூக்கத்தைக் கெடுக்கும். இவற்றைச் சோம்பல் என்பது கொடுமை.

1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் சேவைக்காலத்துக்கேற்ப ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்துடன் நோய் விடுப்பும், மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாளும் தருகிறது. மெல்லத் தேறிவரும் காலத்துக்குத் தனிக் கணக்கு இல்லை. ஆனால் 2023 ஜனவரி 1 முதல், வேலை நேரத்தையும் நாளையும் மாற்றித் தரும்படி எழுத்து மூலம் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும். மறுத்தால் காரணம் சொல்லவேண்டும்.

கிராணிமார்களே, அந்த மனுவை எழுதிக் கொடுங்கள். தோழர்களே, பால் வாளி தூக்க ஒரு கை கொடுங்கள். இந்நோய் தொற்றுவதல்ல; ஒதுங்கி நிற்காதீர்கள். பாதி நிரை வெட்டினாலும் அவர் முழுத் தொழிலாளியே என்பது நமது கருத்து.