நாலு நூல்

மாட்டுக் கொட்டகைப் பரணில் கிடந்த சித்தப்பாவின் ரேஸ் சைக்கிளைப் போன மாதம் இறக்கினேன். வளைந்த ஹேண்டில்பார், பின்னால் ஆறு பல்சக்கரம், ஃப்ரேமில் பொட்டுத் துருகூட இல்லை. எட்டு கியராக மாற்றி ஓட்ட ஆசை. லீவரும் பின்கியரும் ஒரு கம்பெனி, பல்சக்கரக் கொத்து வேறு கம்பெனி. இரண்டிலும் எட்டுதானே என்று வாங்கிவிட்டேன். ஃப்ரேமின் பின்கவட்டில் 126 மில்லிமீட்டர் இடம், புது ஹப்புக்கு வேண்டியது 130. இரும்பாதலால் கையால் விரித்ததும் இடம் கொடுத்தது. ஓட்டினால் முதல் இரண்டு கியர் சுத்தம். ஐந்தைத் தாண்டியதும் செயின் பக்கத்துப் பல்லில் கடகடவென்று உரசியது.

கீரமங்கலத்தில் நான் நம்பிப் போகிற சைக்கிள் கடை ஒன்றுதான். பூ மார்க்கெட்டுக்கு விடியலில் மூட்டை ஏற்றி வரும் சைக்கிள்களுக்குக் கோட்டம் எடுத்தும் ஓவராயில் பண்ணியும் பழுத்த கை அந்த அண்ணனுடையது. ஸ்கேலைப் பற்களுக்கு மேல் வைத்துப் பார்த்தார். "லீவர் ஒரு தாவல் தாவுது, பல்லு வேற இடத்துல நிக்கிது."

கோளாறு அதேதான். சொடுக்கினால் கணக்காக ஒரு பல் நகரும் கிளிக் லீவரை ஷிமானோ 1984இல் கொண்டுவந்தது. அதன் பிறகு பற்களுக்கிடையே உள்ள தூரம் கம்பெனிக்குக் கம்பெனி வேறானது. எட்டு கியரில் ஷிமானோவுக்கு 4.8 மில்லிமீட்டர், இத்தாலியின் காம்பக்னோலோவுக்கு 5. ஒரு தாவலில் 0.2 ஒன்றுமே இல்லை. ஏழு தாவலில் 1.4 சேர்ந்துவிடும்.

அண்ணன் என் பையைக் கொட்டினார். சைக்கிளோடு வந்த பழைய லீவர் உருண்டது. கிளிக் கிடையாது; செயின் பல்லில் உட்காரும் இடத்தை ஓட்டுகிறவரின் விரல்தான் கண்டுபிடிக்க வேண்டும். "இருந்ததக் கழட்டிப்புட்டு இல்லாததத் தேடுறியளே, தம்பி!" அதை மாட்டியதும் எட்டு கியரும் விழுந்தன.

செயினையும் அளந்தார். இருபத்து நாலு கண்ணி சரியாகப் பன்னிரண்டு அங்குலம் இருக்க வேண்டும். அரை நூல் நீண்டால் செயினை மாற்று. ஒரு நூல் நீண்டால் பல்லும் போயிருக்கும், இரண்டையும் சேர்த்து மாற்று. அங்குலத்துக்கு எட்டு நூல், பின்னுக்குப் பின் நாலு நூல். 1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் உருளைச் செயினுக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த வழியில் வந்த சைக்கிள் செயினில் இன்று அகலம் பலவிதம். அகலச் செயின் மெல்லிய பல்லில் ஓடிவிடும்; மெல்லிய செயின் தடித்த பல்லில் உட்காராது. ஆனால் அரை அங்குல இடைவெளி மட்டும் ஹீரோ, அட்லஸ், பிஎஸ்ஏ, ஹெர்குலிஸ் எல்லாவற்றுக்கும் பொது. அண்ணனின் டப்பாவில் பிரீவீல்கள் பெயர் பார்க்காமல் கலந்து கிடப்பது அதனால்தான்.

இந்தப் பொது அளவை நான் பெரிதாக நினைக்கக் காரணம் எங்கள் புதுக்கோட்டை மாவட்டம். 1991இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை விரிவாக எழுதியிருக்கிறார். கூலி வேலைக்குப் போகிற பெண்ணின் சைக்கிளில் செயின் அறுந்தால், எந்த ஊர்க் கடையிலும், எந்தக் கம்பெனிச் செயினிலும் சரியாக வேண்டும். அன்று அது சரியானது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் சைக்கிளும் இன்றுவரை அதே செயினில் ஓடுகிறது. இனிமேல் கியர் சைக்கிள் கொடுப்பதாக யாராவது சொன்னால், பல்லிடைவெளி என்ன, உதிரி பாகம் ஆலங்குடியில் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வடகாடு வரை ஓட்டிப் பார்த்து வந்தார். லீவரைக் குனிந்து பார்க்கவே இல்லை. பிரேக் கட்டையை மட்டும் மாற்றச் சொன்னார்.